மேடை ஓவியங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ரஷ்ய பாலே நாட்டியங்களுக்காக வரையப்பட்ட உடை ஓவியங்களைச் சேகரிக்க விரும்புகிறேன். மேடை ஓவியர் லியோன் பாக்ஸ்ட் வரைந்ததாகச் சொல்லப்படும் ஒரே உருவம் இரு வேறு தாள்களில் இருப்பதைக் கண்டேன். ஒன்று போலியா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். பாக்ஸ்ட் தம்முடைய பெயர்பெற்ற உருவங்களைக் கண்காட்சிகளுக்காகவும், விரும்பிக் கேட்டவர்களுக்காகவும் தாமே திரும்ப வரைந்தவர். ஆகவே இரண்டுமே அவர் கையால் ஆனவையாக இருக்கலாம். ஆனால் அரங்கேற்றத்துக்கு முன்பு தையற்கூடத்துக்குப் போன தாளும், பிறகு சுவரில் மாட்டுவதற்கென்று வரைந்த தாளும் ஒன்றாகிவிடா. முன்னதில் ஓரத்தில் துணியின் வகையைப் பற்றிய பென்சில் குறிப்பும், மாதிரித் துணியைக் குத்திவைத்த ஊசித்துளையும், சில வேளைகளில் தையற்காரரின் விரல் கறையும்கூட இருக்கும். பின்னது நீர்வண்ணமும் பொன், வெள்ளிப் பூச்சும் மின்ன, மாசு மருவற்று இருக்கும். புதிதாகச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் அந்த மினுக்கத்தில்தான் மயங்குகிறார்கள். என்னைக் கேட்டால், அழுக்குப் படிந்த தாளுக்கே கூடுதல் விலை கொடுப்பேன்.

கேள்வி: போலிகளை எப்படி அறிவது?

பதில்: ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள், இந்தத் துறையிலோ மூலம் பாராமல் எதையும் வாங்கக் கூடாது. கையொப்பத்தை மட்டும் நம்ப வேண்டாம், போலி செய்பவருக்கு மிக எளிதாகக் கைவருவது அதுதான். மேடை வடிவமைப்பாளர்களான அலெக்ஸாண்ட்ரா எக்ஸ்தர், நதாலியா கொஞ்சரோவா ஆகியோர் பெயரில் ஏராளமான போலிகள் உலவுகின்றன. பெல்ஜியத்தின் கென்ட் நகர அருங்காட்சியகமே 2018இல், நம்பகத்தன்மை குறித்து எழுந்த ஐயத்தால், காட்சிக்கு வைத்திருந்த ரஷ்ய ஓவியங்களை அகற்ற நேர்ந்தது. தாளைத் திருப்பிப் பின்புறத்தில் கண்காட்சிச் சீட்டுகளையும் முத்திரைகளையும் பாருங்கள். அவற்றைப் பழைய கண்காட்சிப் பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். எடுத்துக்காட்டாக, ரஷ்ய பாலே நாட்டியங்களை அரங்கேற்றிய தியாகிலெவின் குழுவில் ஆடிய செர்ஜ் லிஃபார் சேர்த்திருந்த ஓவியங்களை அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர அருங்காட்சியகம் 1933இலேயே வாங்கிவிட்டது. இப்படிக் கைமாறிய வரலாறு தெளிவாகத் தெரிந்தவற்றை நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகு சந்தைக்குப் போவது நல்லது.

கேள்வி: கைக்கு எட்டும் விலையில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: மூல ஓவியத்தில் தொடங்க வேண்டாம். தியாகிலெவ் குழுவின் பாரிஸ் நிகழ்ச்சி மலர்களில் பாக்ஸ்டின் உருவங்கள் வண்ணத்தில் அச்சாகியுள்ளன. எக்ஸ்தரின் மேடை வடிவமைப்புகள் 1930இல் பாரிஸில் தொகுப்பாக வந்தன. வடிவங்களை வெட்டியெடுத்த தகட்டின் வழியே கையால் வண்ணமேற்றிய அந்தத் தாள்கள் தனித்தனியாகவும் விற்பனைக்கு வருவதுண்டு. அதிகம் அறியப்படாத வடிவமைப்பாளர்களின் தையற்கூடத் தாள்கள் இன்னும் மலிவு.

வாங்கியதைச் சட்டமிடும்போது, அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை நறுக்க விடாதீர்கள். குறிப்புகள் இருப்பதே அங்கேதான். நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும், போன நிறம் திரும்பாது. அருங்காட்சியகங்கள் இவ்வகைத் தாள்களுக்குச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. வீட்டில் சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்தாலே பாதிக் கவலை தீரும்.