ஆயில் ரிப்போர்ட்டில் சிவப்புக் கட்டம்: இன்ஜினை இறக்க வேண்டுமா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் 1.3 லிட்டர் டீசல் கார் 2,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 14,000 கி.மீ. ஓடிய ஆயிலை மாற்றும்போது சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். இரும்பு 84 பிபிஎம் (பத்து லட்சத்தில் 84 பங்கு), சிலிக்கான் 36, அலுமினியம் 10, குரோமியம் 5, செம்பு 7, ஈயம் 2, வெள்ளீயம் 1, மெக்னீசியம் 610 என்று வந்தது. இரும்புக்கும் சிலிக்கானுக்கும் சிவப்புக் கட்டம், அதாவது அளவு அதிகம் என்ற எச்சரிக்கை. இன்ஜினை இறக்கி சிலிண்டர் போர் (உள்சுவர்) தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். மெக்னீசியம் இவ்வளவு இருப்பது எங்கள் ஊர் வெள்ளைக்கல் (மெக்னீசியம் உள்ள மெக்னசைட் தாது) தூசியாலா? – கருப்பூர் வாசகர்

பதில்: இன்ஜினை இறக்க வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்; கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

இரும்பு 84 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயில் ஓடிய தூரத்தால் வகுத்தால் ஆயிரம் கி.மீ.க்கு 6 பிபிஎம். நல்ல நிலையில் உள்ள டீசல் காருக்கு ஆயிரத்துக்கு 2, 3 வருவது வழக்கம். அதாவது உங்கள் இன்ஜின் இரண்டு முதல் மூன்று மடங்கு வேகத்தில் தேய்கிறது. கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் இன்ஜின் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆயிலை 7,000-ல் மாற்றியிருந்தால் இதே தேய்மானம் 42 என்று வந்து, கட்டம் பச்சையாகவே இருந்திருக்கலாம். இடையில் ஆயில் டாப்-அப் செய்திருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்று லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் ஒரு லிட்டர் புது ஆயில் ஊற்றினாலே எல்லா உலோகமும் குறைவாகத்தான் காட்டும்.

காரணம் சிலிக்கான் வரியில் இருக்கிறது. சாலைத் தூசியில் சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்தே இருக்கும். சிலிக்கான் மூன்று, நான்கு பங்கு என்றால் அலுமினியம் ஒரு பங்கு. உங்களுக்கு 36-க்கு 10. கூடவே லைனரிலிருந்து (சிலிண்டரின் உள்சுவர்) வரும் இரும்பும், பிஸ்டன் ரிங்கிலிருந்து வரும் குரோமியமும் ஏறியிருக்கின்றன. தூசி உள்ளே போய் ரிங்கையும் லைனரையும் தேய்க்கும்போது வரும் கூட்டணி இதுதான். அண்மையில் கேஸ்கெட் வேலை செய்து சிலிக்கான் சீலன்ட் பூசியிருந்தால் சிலிக்கான் மட்டும் தனியாக ஏறும், மற்றவை அசையாது. பேரிங் தேய்ந்தால் வரும் செம்பு, ஈயம், வெள்ளீயம் மூன்றும் அடங்கியே இருப்பதால் பேரிங் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிய பிறகு, ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் நிறம் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது. பெட்டியின் மூடி கிளிப் எல்லாம் இறுக்கமாகப் பிடிக்கிறதா, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கிறதா, ஹோஸ் மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பேப்பர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதி மறுபடி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அழுத்தத்தில் பேப்பர் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆயில் ரிப்போர்ட்டில்தான் தெரியும். ஃபில்டர் விலை சில நூறு ரூபாய். இன்ஜினை இறக்கும் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது.

சரிசெய்து, புது ஆயில், புது ஆயில் ஃபில்டர் போட்டு 5,000 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி சாம்பிள் அனுப்புங்கள். ஆயிரத்துக்கு இரும்பு 3-க்குள் இறங்கி, சிலிக்கானும் விழுந்திருந்தால் வேலை முடிந்தது. இறங்காவிட்டால் அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் அதிகம் இருந்தால் மட்டுமே இன்ஜினில் கை வைக்க வேண்டும்.

மெக்னீசியத்துக்கும் வெள்ளைக்கல்லுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. இன்ஜினுக்குள் அழுக்கு படியாமல் இருக்க ஆயில் கம்பெனியே சேர்க்கும் மருந்தில் கால்சியமும் மெக்னீசியமும் உண்டு. அதே பிராண்டின் பிரிக்காத டப்பாவிலிருந்து ஒரு சாம்பிள் அனுப்பினால், ஏறக்குறைய இதே எண் வரும். ஒன்று சொல்ல வேண்டும்: வெள்ளைக்கல் மென்மையானது, கடினத்தன்மை அளவில் 4-க்கு அருகே. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. லைனரைக் கீறுவது மணல்தான்.

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். 1,65,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் கார். தினமும் மூன்று கி.மீ. பள்ளிக்குப் போய் வருவதோடு சரி. 5W-30 ஆயில். ரிப்போர்ட்டில் 100 டிகிரியில் விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை) 8.1, பெட்ரோல் கலப்பு 4.5 சதவீதம், தண்ணீர் லேசாக. சோடியம் 4, பொட்டாசியம் 2, கிளைக்கால் இல்லை. ஆயில் மூடியில் வெண்ணெய் போல ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? – ஏற்காடு வாசகி

பதில்: கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் ஆயிலில் இறங்கினால் சோடியமோ பொட்டாசியமோ கண்டிப்பாக ஏறும், கிளைக்காலும் தெரியும். உங்களுக்குச் சோடியமும் பொட்டாசியமும் ஏறவில்லை, கிளைக்கால் இல்லவே இல்லை. மூடியில் இருப்பது குளிரில் உள்ளே வியர்த்த ஈரம், ஆயிலோடு கலந்தது. மனத் திருப்திக்காகக் கூலன்ட் டப்பாவில் மட்டத்தைக் கோடு போட்டு ஒரு மாதம் கவனியுங்கள். குறையாவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது பெட்ரோல் கலப்பைப் பற்றி. 2 சதவீதம் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 5 ஆபத்து. உங்கள் 5W-30 போன்ற 30 கிரேடு ஆயில் 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 வரை இருக்க வேண்டும், உங்களுடையது 8.1-க்கு இறங்கி 20 கிரேடு ஆகிவிட்டது. இதே ஆயிலோடு சேலம் இறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்பினால் பேரிங்குக்குக் கிடைக்கும் ஆயில் படலம் மெலிந்துபோகும். ஆயிலை இப்போதே மாற்றுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதிலும் பெட்ரோல் கலக்கத்தான் போகிறது.

மூன்று கி.மீ.யில், அதுவும் மலைக் குளிரில், ஆயில் சூடாவதே இல்லை. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே இறங்குகிறது. வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓட்டுவதில் இன்ஜின் சூடாகாது. ஏற்றம்தான் பெட்ரோலையும் ஈரத்தையும் ஆவியாக்கி வெளியேற்றும். ஆயிலை 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். நீண்ட நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வராவிட்டால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கலாம், அதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அதன் பிறகும் 4 சதவீதத்தில் நின்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிஎஸ் 6 டீசல் கார். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறுகிறது. ஓட்டலாமா? – ஆத்தூர் வாசகர்

பதில்: புகை ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசல் தெளிக்கிறது. எரிந்து முடிவதற்குள் அடிக்கடி வண்டியை நிறுத்தினால் அந்த டீசல் ஆயிலில் இறங்கும். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் ஓட்டாதீர்கள், ஆயிலை மாற்றுங்கள். மாதத்தில் சில முறை நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் கரி முழுதாக எரியும்.

கேள்வி: சாம்பிளை எப்படி எடுப்பது? – செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: வண்டியை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் எடுங்கள். ட்ரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றியதும் வரும் ஆயிலைக் கொஞ்சம் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதை 100 மில்லி, காய்ந்த புது பாட்டிலில் பிடியுங்கள். கையுறை போடுங்கள், ஆயில் சுடும். பட்டறையின் பழைய ஆயில் ட்ரேயிலிருந்து மொண்டு அனுப்பினால் வேறு வண்டிகளின் ஆயிலும் கலந்துவிடும். கழுவிய தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், உள்ளே நிற்கும் ஒரு சொட்டு ஈரம் போதும், ரிப்போர்ட்டில் தண்ணீர் என்று வந்துவிடும்.

லேப் கருவி சில மைக்ரான் அளவுத் துகளைத்தான் பார்க்கும். பெரிய துகள் அதில் சிக்காது. அதனால் கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டி, பேப்பர் மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் செதில் இருந்தால் ரிப்போர்ட் பச்சையாக இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பாட்டில் மேல் வண்டி ஓடிய மொத்த கி.மீ., ஆயில் ஓடிய கி.மீ., பிராண்ட், கிரேடு, டாப்-அப் செய்த அளவு, சமீபத்தில் செய்த வேலை எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறையும் அதே பிராண்டையே ஊற்றுங்கள். பிராண்ட் மாறினால் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எண்கள் எல்லாம் மாறிவிடும், முந்தைய ரிப்போர்ட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லாமல் போகும்.