வாசலில் கட்டியிருப்பது யாருடையது?

அன்புள்ள அக்கா,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு. குடும்ப வன்முறை நடக்கும் வீடுகளில் வளர்ப்புப் பிராணிகள் என்ன ஆகின்றன என்று ஆய்வு செய்யலாம் என்றேன். “பொம்பளைங்களே அடிவாங்குறாங்க, நீ நாய் பூனையைக் கணக்கெடுக்கப் போறியா?” என்று வகுப்பே சிரித்தது. தலைப்பை மாற்றிவிடவா?

அன்புள்ள தங்கைக்கு,

மாற்ற வேண்டாம். அமெரிக்காவின் யூட்டாவில் ஃபிராங்க் அசியோன் என்ற உளவியலாளர், அடிக்குத் தப்பிக் காப்பகத்துக்கு வந்த 38 பெண்களிடம் பேசி 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிராணி வளர்த்தவர்களில் 71 சதவீதம் பேர், வீட்டில் அடிப்பவன் அதைக் கொல்வேன் என்று மிரட்டினான், அல்லது அடித்தான், கொன்றான் என்றார்கள். சின்னக் கணக்குதான். ஆனால் அதை விட்டுவர மனமில்லாமல் கிளம்பத் தாமதித்தவர்களும் அதில் உண்டு.

அந்தக் கேள்வித்தாளை அப்படியே நம் பக்கம் கொண்டுவராதீர்கள். “வளர்ப்புப் பிராணி உண்டா?” என்றால் “இல்லை” என்பார்கள். வாசலில் படுக்கும் தெருநாயை யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆட்டையும்தான். மொட்டைமாடிப் புறாக்கூண்டு வீட்டுக்காரனுடையது. புறாவுக்குக் கம்பு வாங்கக் காசு இருக்கும், பிள்ளைக்குப் பால் வாங்க இருக்காது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புளியந்தோப்பில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சீட்டுப் பணத்தில் ஒரு பெட்டை ஆடு வாங்கியிருந்தார். சுவரில் போஸ்டர் ஒட்டிய ஈரம் காய்வதற்குள் கிழித்துத் தின்றுவிடும். ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் அதை வியாபாரியிடம் தள்ளிவிட்டுக் குடித்துவிட்டு வந்தார். ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டி நாலு தெரு தள்ளித்தான். முகம் வீங்கிய நாளெல்லாம் “படியில விழுந்துட்டேன்” என்றே சொல்லிவந்தவர், அன்றைக்கு வெறும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எட்டு வருஷத்துக் கதையையும் சொன்னார்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்கிறது. பெண்ணுக்கு உரிமையுள்ள பொருளை விற்றுத் தீர்ப்பதும் அதில் வரும். அந்த ஆடும் வரும் என்பது என் கட்சி. 1960ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டத்தை நம்பிப் பயனில்லை. முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 50 ரூபாய் அபராதம். அரை பிரியாணிகூட வராது.

வேப்பேரி கால்நடை மருத்துவமனை வாசலில் ஒரு காலைப் பொழுது உட்காருங்கள். அப்புறம் வீடுகளுக்குப் போங்கள். அடியைப் பற்றி எடுத்ததும் கேட்காமல், ஆட்டைப் பற்றிக் கேளுங்கள். பெண்கள் உதவி எண்ணான 181ஐச் சொல்லித் தரத் தயாராக இருங்கள். அவன் இல்லாத நேரமாகப் பாருங்கள். காசிமேட்டுப் பக்கம் என்றால் படகு கடலுக்குப் போயிருக்கும் நாள்.