இரும்பைத் தட்டுவதில் என்ன அரசியல்?

டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவைக் கேட்டுவிட்டு, 'வெறும் தகரச் சத்தம்தானே, இதில் அரசியல் எங்கே?' என்கிறீர்கள். சரி, அந்தத் தகரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1981-ல் லண்டன் நியூ கிராஸில் தொடங்கிய இவர்கள், தொழில் நொடித்துப்போன பகுதிகளில் கேட்பாரற்றுக் கிடந்த பீப்பாய், சுருள்வில், இரும்புத்தகடு எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, வியர்க்க வியர்க்கச் சுத்தியலால் அடித்தார்கள். வேலை போனவர்களின் மிச்சம்தான் வாத்தியம். அப்புறம் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் அரசை எதிர்த்து 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, தெற்கு வேல்ஸில் வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து 'ஷோல்டர் டு ஷோல்டர்' என்ற இசைத்தட்டே போட்டார்கள். கோஷம் போடுகிற பாட்டு எவரும் எழுதலாம். வேலைநிறுத்தம் செய்கிறவனையே பாட வைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஹெட்போனில் கேட்காதீர்கள், காது போய்விடும்.