டைசனுக்குப் பயந்தவர்கள், சகட்டுக்குப் பயப்படாதவர்கள்

அன்புள்ள சார்,

நான் கொருக்குப்பேட்டை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டில் கடைசியாக வரும் சிவப்பு யூனிஃபார்ம்காரன் பெயர் எம். பைசன் என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிறேன். ஜப்பானிய மொழி படிக்கும் என் அண்ணன் மகள், அவன் பெயர் வேகா, பைசன் என்பது அந்தக் குத்துச்சண்டைக்காரன் என்கிறாள். அண்ணனும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு, பேச்சு பிரியாணிப் பந்தயம் வரை போய்விட்டது. எது சரி? இந்த வில்லன்களை எல்லாம் நிஜ மனிதர்களைப் பார்த்துத்தான் செய்தார்களா? அப்புறம், ஷெங் லாங் என்று ஒருவன் அதில் ஒளிந்திருக்கிறான் என்று அப்போது பெரிய பசங்கள் சொல்வார்கள். அப்படி ஒருவன் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிரியாணி நீங்கள்தான் வாங்க வேண்டும். ஆனால் நீங்கள் சொன்னதும் பொய் இல்லை. நீங்கள் ஆடிய மெஷினில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991ல் அந்த விளையாட்டை வெளியிட்டபோது கடைசியில் வரும் நான்கு வில்லன்களுக்கு வைத்த பெயர்கள் வேறு. குத்துச்சண்டைக்காரன் எம். பைசன். முகமூடியும் இரும்பு நகமும் மாட்டிக்கொண்டு கம்பி வேலியில் ஏறும் ஸ்பெயின்காரன் பால்ராக். சிவப்பு உடைச் சர்வாதிகாரி வேகா. மொட்டைத் தலை, ஒற்றைக் கண், நெஞ்சில் தழும்பு, அவன் சகட். இதில் 'எம்' என்றால் மைக். மைக் பைசன். யாரைப் பார்த்துச் செய்தது என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. மைக் டைசன் 1986ல் தன் 20வது வயதில் ஹெவிவெயிட் பட்டம் வென்றவர். 1987ல் நிண்டெண்டோ அவர் பெயரையே தலைப்பில் போட்டு முறைப்படி ஒரு குத்துச்சண்டை விளையாட்டு வெளியிட்டது. 1990ல் அதை மறுபடி வெளியிட்டபோது டைசனை எடுத்துவிட்டு மிஸ்டர் ட்ரீம் என்று ஒருவரை நிறுத்தினார்கள்.

கேப்காம் அப்படி அனுமதி எதுவும் வாங்கவில்லை. ஜப்பானுக்கு வெளியே அனுப்பும் நேரத்தில், டைசன் தரப்பு கேஸ் போட்டால் என்ன ஆவது என்ற பயம் வந்துவிட்டது. புதுப் பெயர் யோசிக்கவும் இல்லை, முகத்தை மாற்றவும் இல்லை. இருந்த மூன்று பெயர்களையே ஆள் மாற்றிச் சுற்றிவிட்டார்கள். குத்துச்சண்டைக்காரன் பால்ராக் ஆனான், ஸ்பெயின்காரன் வேகா ஆனான், சர்வாதிகாரிக்கு எம். பைசன் போய்ச் சேர்ந்தது. மைக்கை விட்டுவிட்டு 'எம்' மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டது. 1994ல் ஹாலிவுட்டில் படமாக எடுத்தபோது ரால் ஜூலியா நடித்ததும் அந்த பைசனாகத்தான். குழப்பமே வேண்டாம் என்று உலகப் போட்டிகளில் ஆடுகிறவர்கள் இன்றும் 'பாக்ஸர், கிளா, டிக்டேட்டர்' என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த வேலை எதுவும் எங்கள் பக்கம் எடுபடவில்லை என்பது வேறு விஷயம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜவுளி மூட்டை அடுக்கிய இடத்துக்குப் பின்னால் ஒரு கேம் கடை இருந்தது. ஸ்டிக்கின் மேல் உருண்டை எப்போதோ கழன்று போய், கம்பியில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருப்பார்கள். அரை மணி நேரம் ஆடினால் உள்ளங்கை கறுத்துவிடும். அங்கே திரையில் வந்த ஆங்கிலப் பெயரை யாரும் படித்ததில்லை. குத்துச்சண்டைக்காரன் வந்ததும் "டைசன் வன்ட்டான்டா" என்று கத்துவார்கள். சகட் மொட்டை. நகக்காரன் முகமூடி. சர்வாதிகாரிக்கு மட்டும் பெயர் இல்லை. அவன்வரை போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு.

அந்தக் கடைக்குப் பேரனைத் தேடிக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வகுப்பெடுக்கிற தலைமுறை. 1980ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டதை நேற்று நடந்த மாதிரி சொல்வார். ஒரு நாள் எங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டைசன் எதிராளியை இழுத்துப் பிடித்துத் தலையால் மடமடவென்று முட்டினான். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடா இது, கையில கிளவுஸ மாட்டிக்கினு தலையால முட்றான். ரெஃப்ரி எங்க?" என்றார். இந்த விளையாட்டைப் பற்றி நான் கேட்ட விமர்சனத்திலேயே சிறந்தது அதுதான். அவருக்கு அவன் வில்லன் என்பது பிரச்சினை இல்லை. பாக்ஸர் என்று சொல்லிவிட்டு ஃபவுல் ஆடுகிறான் என்பதுதான் பிரச்சினை.

நிஜ மனிதர்களைப் பார்த்துச் செய்தார்களா என்ற உங்கள் கேள்விக்குச் சகட்டைத்தான் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் சகட் பெட்சிண்டி என்ற முவே தாய் வீரர் நிஜமாகவே இருந்தார். முவே தாய் என்பது காலாலும் அடிக்கிற அந்த ஊர்க் குத்துச்சண்டை. இந்த ராட்சசன் பெயர் அவருடையது. 1987ல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலேயே கடைசி வில்லன் சகட்தான். நெஞ்சில் இருக்கும் தழும்பு விளையாட்டின் நாயகன் ரியு கொடுத்தது என்பது கதை. டைசன் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி வைத்ததற்கே அவ்வளவு பதறியவர்கள், தாய்லாந்து வீரரின் பெயரை ஒரு எழுத்துகூட மாற்றாமல் உலகம் முழுக்க விற்றார்கள். அமெரிக்காவில் இருக்கிற பணக்கார சாம்பியன் வக்கீல் வைப்பார், பாங்காக்கில் இருப்பவர் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை என்ற கணக்குதான் என்று நான் நினைக்கிறேன். இரண்டுக்கும் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஊர் விஷயத்தையும் பாருங்கள். நால்வரில் சகட்டோடு மோதுவது தாய்லாந்தில், சர்வாதிகாரியோடு மோதுவதும் தாய்லாந்தில். அவனுடைய ஷாடலூ கும்பலுக்குக் கோட்டையும் அந்தப் பக்கம்தான். அந்த நாடு என்ன பாவம் செய்தது? நம் சினிமாக்காரர்களுக்கு அரிவாள் தூக்க ஒரு ஆள் வேண்டுமென்றால் காசிமேடும் வியாசர்பாடியும் ஞாபகத்துக்கு வருகிற மாதிரிதான். 'வியாசர்பாடி' என்று முன்னால் போட்டு ஒரு பெயர் வைத்துவிட்டால் அவன் யார், அப்பா என்ன வேலை பார்த்தார் என்று எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. பெசன்ட் நகரை அப்படிப் பெயருக்கு முன்னால் போட்டு எத்தனை ரவுடி பார்த்திருக்கிறீர்கள்? கொருக்குப்பேட்டைக்காரரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சகட்டைக் கேப்காம் அப்படியே விட்டுவிடவில்லை. பின்னால் வந்த பாகங்களில் அவன் பழி வாங்கும் எண்ணத்தை விட்டு, ஷாடலூவிலிருந்து விலகி, ரியுவைச் சமமான போட்டியாளனாக மதிக்கத் தொடங்குகிறான். நால்வரில் ஆள் என்று சொல்லத்தக்கவன் அவன் ஒருவன்தான். சர்வாதிகாரி அந்த அளவுக்கு என்னைக் கவர்ந்ததில்லை. தொப்பி, ராணுவ உடை, நீண்ட தாடை எல்லாம் காட்டோ என்ற ஜப்பானியக் கதை வில்லனை அப்படியே ஞாபகப்படுத்தும். காட்டோவுக்கும் ராணுவ உடைதான், மந்திர சக்திதான். ஸ்பெயின்காரனைப் பற்றிச் சொல்ல, முகத்தில் அடி விழுந்தால் வருத்தப்படும் அழகன் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை.

சரி, ஷெங் லாங். ரியு ஜெயித்ததும் "ஷெங் லாங்கைத் தோற்கடித்தால்தான் உனக்கு வாய்ப்பு" என்று ஒரு வசனம் ஆங்கில மெஷினில் வரும். ஷோர்யூகென் என்ற அவனுடைய மேல்குத்தின் பெயரை ஆங்கிலமாக்கியவர்கள் ஆள் பெயராக்கிவிட்டதால் பிறந்த மனிதர் அவர். 1992 ஏப்ரல் இதழில் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி, ரியுவை வைத்து ஒரு அடிகூட வாங்காமல் கடைசி வில்லன்வரை போய், அங்கேயும் அடிக்காமல் அடிபடாமல் 10 ரவுண்டு ஓட்டினால் ஷெங் லாங் வந்து அவனைத் தூக்கி எறிந்துவிட்டு உங்களோடு மோதுவார் என்று எழுதியது. மாதத்தைப் பார்த்தாலே விஷயம் புரியும். கொருக்குப்பேட்டைவரை அது வந்திருக்கிறது என்றால், எத்தனை நாடுகளில் எத்தனை பேர் காசைத் தொலைத்தார்களோ.

1994ல் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ வந்தது. அதில் நன்றாக ஆடிப் போனால், கடைசிச் சண்டை தொடங்கும் முன் செந்தலைக்காரன் ஒருவன் பாய்ந்து வந்து, சர்வாதிகாரியை ஒரு நொடியில் முடித்துவிட்டு நம் முன்னால் நிற்பான். ஜப்பானில் கௌகி, வெளியே அகுமா. புரளியில் சொன்ன அதே காட்சிதான், ஆள் மட்டும் வேறு. ஆக உங்கள் பெரிய பசங்கள் சொன்னது இரண்டு வருடம் கழித்துப் பாதி பலித்தது.

அந்த மெஷின் எங்காவது கிடைத்தால், ஆள் தேர்வு செய்யும் திரையில் ரியு, டி. ஹாக், கைல், கேமி, மறுபடி ரியு என்று ஒவ்வொருவர் மேலும் சற்று நின்று போய், ஸ்டார்ட்டோடு குத்து பட்டன் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அகுமாவே உங்கள் கைக்கு வருவான். காற்றில் எகிறியபடியே நெருப்பு உருண்டை விடுவான் என்பதால் போட்டிகளில் அவனைச் சேர்ப்பதில்லை. அண்ணன் மகளோடு அடுத்த பந்தயம் கட்டும்முன் அதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.