நீர்மின் நிறுவனங்கள் சூரிய மின்சாரத்தில் இறங்குவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நீர்மின்சாரத்திற்கென்றே தொடங்கப்பட்ட அரசு நிறுவனங்கள் ஏன் திசை மாறுகின்றன?

பதில்: திசை மாறவில்லை, துணை தேடுகின்றன. 1975-இல் தொடங்கிய என்.எச்.பி.சி.யும், மத்திய அரசும் இமாசல அரசும் சேர்ந்து 1988-இல் தொடங்கிய எஸ்.ஜே.வி.என்.-உம் இமயத்து ஆறுகளை நம்பி வளர்ந்தவை. அங்கே ஓர் அணை எழும்பப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகலாம். 2,000 மெகாவாட் சுபான்சிரி கீழ்நிலைத் திட்டத்தின் பணிகள் 2011 முதல் 2019 வரை முடங்கிக் கிடந்தன. நிலமும் மின்தடமும் கிடைத்துவிட்டால் சூரிய மின்நிலையத்தை ஓரிரு ஆண்டுகளில் முடித்துவிடலாம். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, தீஸ்தா-3 அணையை அடித்துச் சென்றதோடு, அதற்குக் கீழே இருந்த என்.எச்.பி.சி.யின் 510 மெகாவாட் தீஸ்தா-5 நிலையத்தையும் முடக்கியது. முதலீடு முழுவதையும் ஒரே மலைத்தொடரில் வைப்பதன் ஆபத்து அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

கேள்வி: இந்நிறுவனங்களின் பங்குகளை இப்போது வாங்கலாமா?

பதில்: அது என் துறையன்று. செபியில் பதிவுபெற்ற ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி: 1,500 மெகாவாட் சூரிய மின்நிலையம் எஸ்.ஜே.வி.என்.-இன் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையத்துக்கு ஈடாகுமா?

பதில்: ஆகாது. மெகாவாட் என்பது திறன், யூனிட் என்பது விளைச்சல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சட்லெஜ் ஆற்றின் மீதுள்ள 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி ஆண்டுக்கு 660 கோடி யூனிட் அளவுக்குத் தருமாறு வடிவமைக்கப்பட்டது. அதே திறனுள்ள சூரிய நிலையம் நல்ல வெயில் உள்ள இடத்திலும் ஏறக்குறைய 300 கோடி யூனிட்தான் தரும்; அதுவும் மாலை விளக்கேற்றும் வேளையில் நின்றுவிடும். நீர் விசையாழியையோ தேவை ஏறும்போது சில நிமிடங்களில் முழுத் திறனுக்குக் கொண்டுவரலாம்.

கேள்வி: பங்கு விலை ஏறுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேல் தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நீரேற்றுத் திட்டத்தில் 100 யூனிட் செலவழித்து 75, 80 யூனிட் பெறுவது நட்டமல்லவா?

பதில்: நண்பகலில் வாங்க ஆளில்லாமல் நிறுத்தி வைக்கப்படும் சூரிய மின்சாரத்தில் ஒரு பகுதியை இழந்து, மிச்சத்தை இரவு உச்சத் தேவைக்குக் கொடுப்பது நட்டமன்று. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலேயே நிறுவப்பட்டது. நீர்மின் நிறுவனத்திடம் சுரங்கப்பாதை வெட்டத் தெரிந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். சூரியத்தகடு எவரும் பதிக்கலாம். மலையைக் குடைந்து நீரேற்று நிலையம் கட்டுவதை எல்லோராலும் செய்ய முடியாது.

மறுப்பு (அதே வாசகர்): மின்கல விலை சரிந்துவரும்போது மலையை ஏன் குடைய வேண்டும்?

பதில்: உங்கள் வாதத்தில் பாதி சரி. இரண்டு, நான்கு மணி நேரச் சேமிப்புக்கு மின்கலம் போதும். அதை விரைவாகவும் நிறுவலாம். ஆனால் ஆறு, எட்டு மணி நேரம் தாங்க வேண்டுமானால் நீர்த்தேக்கத்தின் கணக்கு வேறாகிறது: மின்கலத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மாற்ற நேரிடலாம், நீரேற்று நிலையமோ அரை நூற்றாண்டு உழைக்கும். புதிய மலைக்காட்டை மூழ்கடித்துக் கட்டும் திட்டத்தை நான் ஆதரிக்கவில்லை. ஏற்கெனவே உள்ள தேக்கங்களை இணைப்பதையே முதலில் செய்ய வேண்டும் என்கிறேன்.

கேள்வி: வீட்டுக் கூரையில் சூரியத்தகடு வைக்க மானியம் உண்டா?

பதில்: உண்டு. பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் தேசிய இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: 1,000 மெகாவாட் சூரியத் திட்டம் ஓர் அணைக்குச் சமம்தானே?

பதில்: மூன்றாவது பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள். மெகாவாட் வேறு, யூனிட் வேறு.

கேள்வி: அணை நீரின் மேலேயே தகடுகளை மிதக்கவிடலாமே?

பதில்: விடுகிறார்கள். நர்மதையின் ஓங்காரேசுவர் நீர்த்தேக்கத்தில் எஸ்.ஜே.வி.என். 90 மெகாவாட் மிதவை நிலையத்தை 2024-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதே அணையில் 520 மெகாவாட் நீர்மின் நிலையமும் உள்ளது. பகலில் வெயிலைப் பயன்படுத்தி நீரை மிச்சப்படுத்தி, மாலையில் திறந்துவிட இங்கே வழியிருக்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது நங்கூரக் கயிறுகள் தாங்குகின்றனவா என்பதையும், மீனவர்களுக்கு எவ்வளவு நீர்ப்பரப்பு விடப்படுகிறது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.