21 நாள்ல ஸ்கோப்பஸ், பேப்பருக்கு 18 ஆயிரம்: கட்டலாமா?

கேள்வி: சேலம் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் உதவிப் பேராசிரியரா இருக்கேன். எஸ்டிமேஷன் பாடத்துல 60 பசங்களை 12 குரூப்பா பிரிச்சு, ஒரு ஜி ப்ளஸ் ஒன் வீட்டுக்கு எஸ்டிமேட் போட வச்சேன். 6 குரூப் கிளாஸ்லயே உக்காந்து போட்டாங்க, 6 குரூப் கூகுள் டாக்ஸ்ல ஆன்லைனா போட்டாங்க. ஆன்லைன் பசங்களுக்கு மார்க் கூட வந்துருக்கு. ஒரு பப்ளிகேஷன் கன்சல்டன்ட், இதை ரெண்டா பிரிச்சு கல்வி ஜர்னல்ல ஒண்ணு, கட்டுமானப் பொருளாதார ஜர்னல்ல ஒண்ணுன்னு 21 நாள்ல ஸ்கோப்பஸ்ல, அதாவது காலேஜ்ல எல்லாம் கேக்கற அந்த ஆய்வு ஜர்னல் டேட்டாபேஸ்ல, போட்டுத் தர்றேங்கறார். பேப்பருக்கு 18,000, அதுல பாதியை இப்பவே அட்வான்ஸா அவர் மனைவி நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்றார். நம்பலாமா? வேற எங்க அனுப்பறது?

பதில்: கட்டாதீங்க மேடம். ஒழுங்கான ஜர்னல்ல ரிவ்யூ பண்ண ரெண்டு பேரைப் பிடிக்கறதுக்கே 21 நாள் பத்தாது. அப்ப அவர் எதைப் போட்டுத் தருவார்னு கேட்டா, பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, நிஜமான ஜர்னலோட பேரையும் ஐஎஸ்எஸ்என் நம்பரையும் (ஒவ்வொரு ஜர்னலுக்கும் தர்ற அடையாள எண்) அப்படியே திருடி, அட்ரஸ்ல ஒரு கோடோ எழுத்தோ மாத்தி வச்சிருக்கற போலி சைட். இன்னொண்ணு, ஒரு காலத்துல ஸ்கோப்பஸ்ல இருந்து இப்ப கழட்டி விடப்பட்ட ஜர்னல், அதுக்குப் பழைய ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி இன்னும் லிஸ்ட்ல இருக்கற மாதிரி காட்டுவாங்க. ரெண்டுலயும் உங்க பேப்பர் வெளிய வந்த மாதிரிதான் இருக்கும், புரமோஷன் நேரத்துல கமிட்டில ஒருத்தர் தேடிப் பாக்கற வரைக்கும்.

செக் பண்றது சுலபம். ஸ்கோப்பஸோட சோர்ஸஸ் பக்கம் இலவசம், காலேஜ் சந்தா எதுவும் வேணாம். ஐஎஸ்எஸ்என் போட்டுத் தேடுங்க, எந்த வருஷம் வரைக்கும் கவரேஜ்னு இருக்கும், நிறுத்திட்டாங்கன்னா அதையும் அங்கயே போட்டிருப்பாங்க. அப்புறம் ஜர்னல் சைட்டுக்கு பப்ளிஷர் பக்கம் வழியாவே போங்க, ஏஜென்ட் அனுப்பற லிங்க்கைத் தொடவே தொடாதீங்க. 'யுஜிசி கேர் அப்ரூவ்டு'ன்னு, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவோட ஜர்னல் லிஸ்ட்ல இருக்குன்னு, இன்னும் சொல்லிட்டிருந்தார்னா அந்த லிஸ்ட்டையே யுஜிசி 2025 பிப்ரவரில கைவிட்டுடுச்சுன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி 2018 மே மாசம் தன்னோட சொந்த லிஸ்ட்ல இருந்தே 4,305 ஜர்னலைத் தூக்குனதும் இதே யுஜிசிதான். அவங்களே சேர்ப்பாங்க, அவங்களே தூக்குவாங்க, நடுவுல பேப்பர் போட்டவன் கதி என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க, பணம் கேட்டாலே ஃபிராடுன்னு அர்த்தம் இல்ல. ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்கள், படிக்கறவங்ககிட்ட காசு வாங்காததால எழுதறவங்ககிட்ட வாங்கும், பெரிய பப்ளிஷர்கள்ல அது லட்சத்தைக் கூடத் தாண்டும். ஆனா அந்தத் தொகை சைட்லயே எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கும், பேப்பரை ஏத்துக்கிட்ட பிறகுதான் கேப்பாங்க, பப்ளிஷர் பேர்லயே இன்வாய்ஸ் வரும், வசதி இல்லாதவங்களுக்குத் தள்ளுபடி கேக்கற வழியும் நிறைய இடத்துல இருக்கு. உங்க ஆள் கேக்கறது எப்படி? அட்வான்ஸா பாதி, ஜிபேல, அவர் மனைவி பேர்ல இருக்கற நம்பருக்கு, ரிவ்யூவுக்கே போகறதுக்கு முன்னாடி. சந்தா முறைல நடக்கற ஜர்னல்கள்ல பெரும்பாலும் ஆத்தர் பைசா கட்ட வேண்டியதில்ல, அதையும் சேத்து சொல்லிடறேன், ஏன்னா காசு கட்டாம ஸ்கோப்பஸே இல்லன்னு பாதி காலேஜ்ல நம்பிட்டிருக்காங்க.

இப்ப ரெண்டாப் பிரிக்கற விஷயம். பசங்க பிடபிள்யுடி ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸ்ல, அதாவது பொதுப்பணித்துறை விலைப் பட்டியல்ல, இருந்து ரேட் எடுத்து போட்ட எஸ்டிமேட், பயிற்சி. அதுல கட்டுமானப் பொருளாதாரத்துக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் ஆளுங்க பாக்கறது டெண்டர் ரேட்டுக்கும் முடிஞ்ச பில்லுக்கும் நடுவுல என்ன ஆச்சு, ஸ்டீல் விலை ஏறினா காண்ட்ராக்டர் தலையில விழுதா கிளையன்ட் தலையிலயா, இப்படி. ஏஜென்ட் என்ன செய்வார்னா தாமதத்துக்கு 30 காரணம்னு ஒரு கேள்வித்தாள் சேத்து, எந்தக் காரணம் எவ்வளவு முக்கியம்னு வரிசைப்படுத்தற ஆர்ஐஐ டேபிள் ஒண்ணு போட்டு ஒப்பேத்திடுவார், நம்ம ஊர் எம்.இ. தீசிஸ் பாதி அப்படித்தான் இருக்கு, நிதித் தட்டுப்பாடு முதல் இடம்னு எத்தனை தடவைதான் கண்டுபிடிப்பாங்களோ.

உங்ககிட்ட ஒரு பேப்பர் இருக்கு, அது கல்வி பேப்பர். ஆனா 30 பேருக்கு 30 பேர்னு, ரெண்டு பக்க சராசரியையும் ஒப்பிடற டி டெஸ்ட் போட்டிருந்தா ரிவ்யூவர் அங்கயே பிடிப்பார். ஒரே குரூப்ல இருக்கற அஞ்சு பேரும் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் போட்ட கணக்கு, அதனால உங்ககிட்ட நிஜமா இருக்கறது 6 குரூப்புக்கு 6 குரூப். அவ்வளவு சின்ன எண்ணிக்கைல மார்க் வித்தியாசத்தை வச்சு பெருசா எதுவும் நிரூபிக்க முடியாது.

அதுக்காக தூக்கிப் போட வேணாம். உங்க சரக்கு மார்க்ல இல்ல, கூகுள் டாக்ஸோட வெர்ஷன் ஹிஸ்டரில இருக்கு. யார் எத்தனை மணிக்கு என்ன அடிச்சாங்க, யார் எதை அழிச்சாங்கன்னு எல்லாம் அங்க நிக்கும். ராத்திரி பதினொண்ணரைக்கு ஒரே பொண்ணு உக்காந்து ரேட் அனாலிசிஸ் மொத்தத்தையும் போட்டிருக்கும், மத்த நாலு பேரும் காலைல ஃபான்ட் சைஸை மாத்திட்டு போயிருப்பாங்க, அந்த குரூப்புக்கு 18 மார்க் வந்திருந்தா அது சேந்து படிச்சதுக்கு வந்த மார்க்கா? இன்னொரு குரூப்ல கான்கிரீட்டுக்கு சிமென்ட் மூட்டை கணக்கு போடறப்ப, ஈரக் கலவை அளவை உலர்ந்த பொருள் அளவா (டிரை வால்யூம்) மாத்த 1.54 ஆல பெருக்க மறந்திருப்பான் ஒருத்தன், ஓரத்துல கமென்ட்ல இன்னொருத்தன் 'டேய் டிரை வால்யூம் எங்கடா'ன்னு கேட்டிருப்பான், அதுக்கு மூணாவது ஆள் ஏன்னு விளக்கியிருப்பான். அந்த மாதிரி இடங்களைப் பொறுக்கி வகைப்படுத்தி எழுதுங்க, 6 குரூப் அதுக்குத் தாராளம். பசங்க பேரை எடுத்துட்டு, அவங்ககிட்ட சம்மதம் எழுதி வாங்கிக்கங்க, காலேஜ் எதிக்ஸ் கமிட்டி இருந்தா ஒரு வார்த்தை கேளுங்க, பழைய தேதி போட்டு மட்டும் எதையும் வாங்காதீங்க.

அனுப்பறதுக்கு அமெரிக்க சிவில் இன்ஜினியர்கள் சங்கமான ஏஎஸ்சிஇ நடத்தற ஜர்னல் ஆஃப் சிவில் இன்ஜினியரிங் எஜுகேஷன் பாருங்க, நம்ம நாட்டுலயே ஜர்னல் ஆஃப் இன்ஜினியரிங் எஜுகேஷன் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ் இருக்கு. மாசக் கணக்காகும். வருஷக் கடைசில பிரின்சிபால் ரூம்ல இருந்து யாருக்கு எத்தனை ஸ்கோப்பஸ்னு எக்ஸெல் ஷீட் வரும், நாக் தர மதிப்பீடு, என்ஐஆர்எஃப் தரவரிசைன்னு விரட்டுவாங்க, அந்தப் பேப்பர்ல என்ன இருக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, உங்க வாரத்துப் பீரியடையும் குறைக்க மாட்டாங்க. அந்த ஷீட்ல 'அனுப்பியாச்சு, ரிவ்யூல இருக்கு'ன்னு போடுங்க.

வேர்ட் ஃபைலை ஏற்கனவே அந்த ஆளுக்கு அனுப்பிட்டீங்கன்னா, இந்தப் பேப்பரை எங்கயும் சப்மிட் பண்ண உங்களுக்கு அனுமதி இல்லன்னு இன்னைக்கே ஒரு மெயில் போட்டு வைங்க, வாட்ஸ்அப் பேச்சை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க. காப்பிரைட் ஃபார்ம்னு ஒண்ணை அனுப்பி கையெழுத்து கேப்பார், போட்டுடாதீங்க, போட்டா அதே பேப்பரை வேற எங்கயும் கொடுக்க முடியாம மாட்டிக்குவீங்க.