வலியின் வேதனையை மூளை எப்படிக் கையாள்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: வலியை உணர்வதற்கென்று மூளையில் தனியாக ஓர் இடம் உண்டா?

பதில்: அப்படி ஒரே இடம் இல்லை. வலி உடலில் எங்கே, எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைக் கணிப்பதில், தொடுதல் போன்ற உணர்வுகளைப் பதிவுசெய்யும் மூளை மேலடுக்குப் பகுதியான உடலுணர்வுப் புறணிக்குப் பெரும்பங்கு உண்டு. அது எவ்வளவு வேதனை தருகிறது என்பதில் முன் சிங்குலேட் புறணி, இன்சுலா, அமிக்டலா ஆகிய மூளைப் பகுதிகள் முக்கியமானவை. 1997-இல் வெளியான பியர் ரெயின்வில் குழுவினரின் ஆய்வில், தன்னார்வலர்களின் கையை 47 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் வைத்து, வேதனையை மட்டும் ஹிப்னாசிஸ் மூலம் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். முன் சிங்குலேட் புறணியின் செயல்பாடு அதற்கேற்ப மாறியது. உடலுணர்வுப் புறணியில் அத்தகைய மாற்றம் தென்படவில்லை.

கேள்வி: அப்படியானால் வலி தெரிந்தும் வேதனை இல்லாமல் இருக்க முடியுமா?

பதில்: முடியும். இன்சுலா பாதிக்கப்பட்ட சிலர், ஊசியால் குத்தும்போது வலிப்பதாகச் சொல்வார்கள். ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டார்கள், சிலர் சிரிக்கவும் செய்வார்கள். இதைப் பேறு என்று எண்ணிவிடக் கூடாது. ஆபத்திலிருந்து விலகத் தூண்டுவதே அந்த வேதனைதான்.

கேள்வி: என் தாயாரின் நாள்பட்ட முழங்கால் வலிக்கு மருத்துவர் மனச்சோர்வு மருந்தான டுலாக்செட்டினை எழுதித் தந்திருக்கிறார். வலி வெறும் கற்பனை என்கிறாரா?

பதில்: நிச்சயமாக இல்லை, தாயாரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முன்மூளைப் புறணியிலிருந்து நடுமூளையின் சாம்பல் பகுதி வழியாகத் தண்டுவடம் வரை கீழிறங்கும் நரம்புப் பாதை ஒன்று, மேலே வரும் வலிச் செய்திகளைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தக் கூடியது. அந்தப் பாதை செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகிறது. டுலாக்செட்டின் அவ்விரண்டின் செயலையும் கூட்டுகிறது. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் இது வலியைக் குறைப்பதுண்டு. அச்சமும் தூக்கமின்மையும் வலியை உண்மையாகவே பெருக்கக் கூடியவை என்பதால் அவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்தை நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம்.

கேள்வி: மருந்தே இல்லாத போலி மாத்திரையால் வலி குறைவது வெறும் மனப்பிரமைதானே?

பதில்: அல்ல. பல் பிடுங்கிய நோயாளிகளிடம் 1978-இல் நடந்த ஆய்வில், போலி மருந்தால் கிடைத்த நிவாரணத்தை நலோக்சோன் தடுத்தது. அது ஓபியாய்டுகளின் (மார்ஃபின் போன்ற வலிநீக்கிப் பொருள்களின்) செயலை முறிக்கும் மருந்து என்பதால், உடலே சுரக்கும் ஓபியாய்டுகள்தான் அந்த நிவாரணத்தைத் தந்தன என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.